நம் முகங்களுக்கேற்ற கேமரா: ஒளியுணரியும் வில்லையும் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

புதிதாகக் கேமரா வாங்க நினைக்கும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம், அண்ணா?” என்பதுதான். “யாரைப் படம் எடுக்கப் போகிறீர்கள்?” என்று நான் திருப்பிக் கேட்பேன். பினாங்குத் துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்ற தமிழர்களின் உருவப்படங்களைத் தொகுக்க வேண்டும் என்பது நம் கழகத்தின் நெடுநாள் விருப்பம். சரக்குப் படகில் வேலை செய்தவர்களும் மூட்டை சுமந்தவர்களும் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்துவிட்டனர். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக்கூடிய வேலையன்று இது. இதற்கு எத்தகைய ஒளியுணரியும் வில்லையும் பொருந்தும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவிக்கும் கண்குறை உண்டு

1860களின் தொடக்கத்தில் ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்து நிழற்படக் கலைஞர் பினாங்கிலும் எதிர்க்கரையிலும் பத்து மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். மதராஸைச் சேர்ந்த இருவரைப் பழக்கித் தமக்கு உதவியாளர்களாகவும் படம் அச்சிடுபவர்களாகவும் வைத்துக்கொண்டதாக 1875இல் வெளிவந்த தம் பயண நூலில் அவர் எழுதியிருக்கிறார். ஆக, இத்தீவின் தொடக்ககால நிழற்பட வேலையிலேயே தென்னிந்தியர் கை இருந்திருக்கிறது.

அக்காலத்தில் வழங்கியது ஈரக் கொலோடியன் முறை. இரசாயனம் பூசிய கண்ணாடித் தகடுதான் அன்றைய ஒளியுணரி. அது நீல ஒளியை நன்கு உணரும். சிவப்பு ஒளியை ஏறத்தாழ உணராது. மாநிறத் தோலிலிருந்து வருவதில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் குறைவு. ஆகவே நேரில் மாநிறமாக இருந்தவர்கூட அத்தகட்டில் கறுத்தே தெரிந்தார்.

வண்ணப்படச் சுருள் வந்தபின் வேறொரு குறை தோன்றியது. அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர் பெற்ற அதனை அளவுகோலாகக் கொண்டே எல்லார் முகமும் அச்சாயிற்று. பிற்காலத்தில் பழுப்பு நிறங்கள் சற்றுத் தெளிவாக விழத் தொடங்கியதற்குச் சாக்லேட், மரச்சாமான் விற்பவர்களின் முறையீடுகளும் ஒரு காரணம் எனக் கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் எடுத்துக்காட்டியுள்ளார். 2021இல்தான் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் 6 கைப்பேசியைப் பல்வேறு தோல் நிறங்களுக்கும் பொருந்துமாறு சீரமைத்ததாக அறிவித்தது.

நம் வீட்டுப் பழைய படங்களில் வேட்டி பளிச்சென்றும் தாத்தாவின் முகம் இருண்ட திட்டாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தாத்தாவின் நிறம் மட்டுமே காரணமன்று. அளவுகோலும் ஒரு காரணம்.

ஒளியுணரி: பரப்பும் படிகளும்

சென்சார் எனப்படும் இன்றைய ஒளியுணரிகளை மூன்று அளவுகளில் ஒப்பிடலாம். முழுச்சட்டக உணரி 36 × 24 மி.மீ. (864 சதுர மி.மீ.). ஏபிஎஸ்-சி வகை ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ. (சுமார் 367). மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13 மி.மீ. (225). ஒரே துளையளவு, ஒரே நேரம் என்றால் முழுச்சட்டகம் ஏபிஎஸ்-சியைவிட 2.3 மடங்குக்கு மேல் ஒளியைப் பெறும். பெறும் ஒளி கூடினால் இருண்ட பகுதியில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறையும்.

இதில் நமக்குரிய செய்தி என்ன? 14 பிட் கோப்பில் 16,384 ஒளிப்படிகள் உள்ளன. அவற்றில் பாதியை, அதாவது 8,192 படிகளை, மிக வெளிச்சமான பகுதி எடுத்துக்கொள்கிறது. ஒளி பாதியாகக் குறையும் ஒவ்வொரு கட்டத்திலும் படிகளும் பாதியாகும்: 4,096, 2,048, 1,024 என. வெள்ளைச் சட்டை முதற்கட்டத்தில் இருந்தால், அதைவிட எட்டில் ஒரு பங்கு ஒளியையே திருப்பி அனுப்பும் கருமையான முகத்துக்கு 1,024 படிகளே மிஞ்சும். பின்னால் கடல் பளபளக்கும்போது கேமரா தானாகவே ஒளியை இன்னும் நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் 256 படிகள்தாம். கன்னத்துச் சுருக்கம், நெற்றித் தழும்பு, கண்ணருகே உள்ள நிழல் யாவும் அதற்குள் அடங்க வேண்டும்.

ஆகவே, ‘ரா’ கோப்பாகப் படம் எடுக்கும் வசதியும், முகத்தை மட்டும் அளக்கும் புள்ளி அளவீட்டு வசதியும் உள்ள கேமராவையே வாங்குங்கள். 24 மெகாபிக்சலா, 45 மெகாபிக்சலா என்பது அடுத்த கேள்வி.

வில்லை: தூரமும் ஆழமும்

முகத்தின் அமைப்பு மாறுவது வில்லையால் அன்று, நாம் நிற்கும் தூரத்தால். முழுச்சட்டகத்தில் 85 மி.மீ. வில்லையுடன் 2 மீட்டர் தள்ளி நின்றால் தலை முதல் இடுப்பு வரை விழும். 24 மி.மீ. வில்லையில் அதே அளவு வேண்டுமானால் 57 செ.மீ. வரை நெருங்க வேண்டும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. எனக் கொள்வோம். 2 மீட்டரில் மூக்கு 6 விழுக்காடு மட்டும் பெரிதாகத் தெரியும், 57 செ.மீ.யில் 21 விழுக்காடு. கைப்பேசியை முகத்தருகே நீட்டும்போது மூக்கு புடைப்பதன் காரணம் இதுவே.

அடுத்தது தெளிவின் ஆழம். 2 மீட்டர் தூரத்தில் 85 மி.மீ. வில்லையை எஃப் 1.8இல் திறந்தால் முழுச்சட்டகத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ. கண்ணில் குவித்தால் காது மங்கும். ஒரு முதியவரின் முகத்தை ஆவணமாகப் பதியும்போது காதும் கடுக்கனும் தெளிவாக இருக்க வேண்டும். அதற்கு எஃப் 3.5 அளவுக்குத் துளையைச் சுருக்க வேண்டும். அப்போது பெரிய உணரியால் கிடைத்த ஒளி ஆதாயம் கரைந்துவிடும். ஏபிஎஸ்-சியில் 50 மி.மீ. எஃப் 1.8 வில்லை அதே தூரத்தில் ஏறத்தாழ 11.5 செ.மீ. ஆழம் தரும்.

எனவே, நிழலில் அமர்ந்திருக்கும் ஒருவரின் முழு முகமும் தெளிவாக வேண்டும் என்ற நம் பணிக்கு, ஏபிஎஸ்-சி கேமராவும் 50 மி.மீ. வில்லையும் முழுச்சட்டகத்திற்குப் பெரிதும் பின்தங்கியவை அல்ல. பின்னணியை முற்றாக மங்கச் செய்யவும், வெயிலும் நிழலும் கலந்த காட்சியில் நிழலை மீட்கவும் முழுச்சட்டகம் மேலானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் மாணவர் அதற்காக மனம் சோர வேண்டியதில்லை.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

1. மாநிற அல்லது கருநிறத் தோழர் ஒருவரை வெள்ளைச் சட்டையுடன் அழைத்துச் செல்லுங்கள். சொந்த நினைவக அட்டையைக் கொண்டுசெல்லுங்கள்.
2. வெளிச்சமான சாலை பின்னால் இருக்குமாறு அவரைக் கடை வாசலில் நிறுத்துங்கள். முகத்தை அளந்து ஒரு படமும், கேமராவின் விருப்பப்படி ஒரு படமும் எடுங்கள்.
3. வீட்டில் கணினியில் இரண்டையும் திறந்து, இருண்ட பகுதியைச் சற்று உயர்த்திப் பாருங்கள். கன்னத்தில் சிவப்பு, பச்சைத் திட்டுகள் வருகின்றனவா? சட்டையின் மடிப்பு தெரிகிறதா?

மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் விடை, விளம்பரத் தாளில் உள்ள எண்களைவிடப் பயனுடையது.

நம் ஊர் வெயிலும் ஈரமும்

ஜார்ஜ்டவுன் துறைமுகக் கரை கிழக்கு நோக்கியது. காலை ஒன்பது மணிக்குள் கடலைப் பார்த்து நிற்பவர் முகத்தில் ஒளி இதமாக விழும். நண்பகலில் வெயில் தலைக்கு மேல் நிற்பதால் கண்குழிகள் இருண்டுவிடும். அவ்வேளையில் கூரை நிழலில் அமர்த்தி, ஒரு வெள்ளைத் துணியால் முகத்திற்கு ஒளியைத் திருப்புங்கள். செலவு சில வெள்ளிதான், பயனோ பெரிது.

ஈரக்காற்றில் வில்லைக்குள் பூஞ்சை பிடிப்பது நம் நாட்டில் வழக்கம். பழைய வில்லை வாங்குமுன் விளக்கொளியில் உள்ளே பாருங்கள். நூல்போல் கிளை விட்டிருந்தால் வாங்காதீர்கள். மிச்சமாகும் பணத்தில், ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைக்கும் உலர்பெட்டி ஒன்றை வாங்குங்கள்.

முடிவுரை

தாம்சனிடம் வேலை பார்த்த அந்த இருவரின் பெயரை அவர் அந்த இடத்தில் எழுதவில்லை. அவ்வாறே, துறைமுகத்தில் உழைத்த நம்மவர் பலரின் பெயரும் முகமும் சேர்ந்து எங்கும் பதிவாகவில்லை. ஆகவே, எடுக்கும் ஒவ்வொரு படத்துடனும் அவர் பெயர், செய்த வேலை, வேலை செய்த ஆண்டுகள் ஆகியவற்றை அவருடைய இசைவோடு எழுதிவைப்போம். அச்சிட்ட படி ஒன்றை முதலில் அவர் கையில் கொடுப்போம். “நான் இப்படியா இருக்கிறேன்?” என்று அவர் தயங்கினால் மறுபடி எடுப்போம். அவர் நிறம் அவர் நிறமாகவே விழும்வரை நம் வேலை முடியவில்லை.