பல்லில் படியும் வழுவழுப்பு

தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது உள்சுவரில் கை வைத்தால் வழுக்கும். உளூச் செய்யும் குழாயின் வாயிலும் பள்ளிவாசல் ஹவ்ளின் படியிலும் இதைப் பார்க்கிறோம். பச்சையாக இருந்தால் பாசி என்போம். நிறமில்லாத வழுவழுப்பு பெரும்பாலும் பாக்டீரியாக்கள் தமக்காகக் கட்டிக்கொண்ட வீடு.

தண்ணீரில் தனித்தனியே மிதக்கும் பாக்டீரியாக்கள் ஓரிடத்தில் ஒட்டியதும் பசை போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் கலந்த பசை அது. அந்தப் பசைதான் ஒன்றோடொன்று ஒட்டவைத்து அவற்றைக் கட்டியாக்குகிறது. பிறகு வருபவையும் அதிலேயே சிக்கிக்கொள்கின்றன. இதற்கு உயிரிப்படலம் என்று பெயர்.

இதே வேலை நம் வாயிலும் நடக்கிறது. பல்சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவை 1924இல் கிளார்க் என்பவர் இங்கிலாந்தில் கண்டறிந்தார். நாம் தின்னும் சீனியை இது இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறது. ஒரு பகுதியைப் பசையாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. மறு பகுதியை அமிலமாக்குகிறது. அந்த அமிலம் எச்சிலில் கரைந்து போய்விடாமல் பசை தடுத்து வைக்கிறது. அதனால் அடியிலுள்ள பல்லின் மேல்பூச்சு மெல்லக் கரைந்து குழி விழுகிறது. அகற்றாமல் விட்ட படலம் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் இறுகிக் காறையாகி, ஈறையும் கெடுக்கிறது.

வாய் கொப்பளித்தால் போதாதா என்று கேட்கலாம். ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரியான லீவன்ஹூக், தாமே செய்த கண்ணாடி வில்லையால் தம் பல் அழுக்கைப் பார்த்து, அதில் உயிர்கள் அசைவதை 1683இல் கடிதமாக எழுதினார். காடியால் வாயைக் கழுவியபோது வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே செத்தன, அழுக்கின் உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன என்பதையும் அவர் கவனித்தார். இன்றைய மருத்துவமும் அதையே சொல்கிறது: பசைக்குள் இருக்கும் பாக்டீரியாவிடம் மருந்து எளிதில் எடுபடாது. முதலில் தேய்த்து உடைக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் மிஸ்வாக்கை வலியுறுத்தியதை நாம் அறிவோம். சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்று அஞ்சியிராவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டளையாக்கியிருப்பார்கள் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் உண்டு. படலம் சில மணி நேரத்திலேயே மீண்டும் படியத் தொடங்குகிறது. நாளுக்குப் பலமுறை தேய்க்கும் பழக்கம் அதைக் கட்டவிடாமல் கலைத்துக்கொண்டே இருக்கிறது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை:

• மிஸ்வாக் குச்சியின் நுனியை நனைத்து, மென்று, நாராக்கிக்கொள்ளுங்கள். முன்பல்லோடு நிறுத்தாமல் கடைவாய்ப் பல்லிலும் ஈறு ஓரத்திலும் மெதுவாகத் தேயுங்கள். பழைய நாரை அவ்வப்போது வெட்டிவிடுங்கள்.

• காலையிலும் இரவு படுக்கும் முன்னும் ஃப்ளூரைடு பற்பசையால் 2 நிமிடம் பல் துலக்குங்கள். நோன்பு மாதத்தில் ஸஹர் முடித்து, ஃபஜ்ரு பாங்குக்கு முன் துலக்கிவிடலாம்.

• உமிக்கரி, செங்கல் தூள் வேண்டாம். அவை பல்லின் மேல்பூச்சையே அராவிவிடும்.

• பிள்ளைகளுக்குச் சீனிப்பாலைப் புட்டியில் கொடுத்து அப்படியே தூங்கவிடாதீர்கள். மிட்டாயை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது, ஒரே வேளையில் தின்று முடிப்பதைவிடக் கெடுதல்.

• காறை கல்லாகிவிட்டால் பிரஷ்ஷோ குச்சியோ அதை எடுக்காது; பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். ஈறில் ரத்தம் கசிந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

தண்ணீர்த் தொட்டிக்கும் இதே விதிதான். வழுவழுப்பு இருக்கும்போது பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் மேலே உள்ளவை மட்டும் சாகும். தண்ணீரை இறைத்து, சுவரையும் அடியையும் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதன் பிறகே மருந்து போடுங்கள்.

தூய்மை ஈமானின் ஒரு பகுதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இன்று இரவு அவர்களை விளக்கு வெளிச்சத்தில் வாய் திறக்கச் சொல்லி, கடைவாய்ப் பல்லையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தைத் தருவானாக, ஆமீன்.