லேசர் மெஷினுக்குப் போகும் ஆண்டர்சன்பேட்டைத் தம்பிக்கு



விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போவது ஆண்டர்சன்பேட்டைக்குப் புதிதல்ல. 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்தது அந்த ரயில்தான். அதில் ஏறி, ஷீட் மெட்டல் பட்டறையில் லேசர் மெஷினுக்கு ஹெல்பராகச் சேரும் பிள்ளைக்கு முதல் வாரத்தில் சொல்லித் தருவது பெரும்பாலும் இவ்வளவுதான்: ஃபைலை ஏற்று, ஷீட்டைப் போடு, பட்டனை அமுக்கு. அதோடு நின்றுவிடாதே.

லேசர் தகட்டை உருக்கும். உருகிய உலோகத்தைக் கீழே தள்ளி வழி உண்டாக்குவது நாசிலிலிருந்து சீறும் வாயு. 1964-இல் பெல் ஆய்வகத்தில் கார்பன்-டை-ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர், மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். ஆனால் 1967-இல் இங்கிலாந்தின் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் அந்தக் கதிரோடு ஆக்சிஜனையும் சேர்த்து ஊதி எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டிய பிறகே, அது பட்டறைக்கு உதவும் என்று தெரிந்தது.

எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டுக்கு ஆக்சிஜன் விட்டால் இரும்பே எரிந்து கூடுதல் சூடு தரும். கொஞ்சம் அழுத்தம் போதும். எஸ்.எஸ்.ஸுக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நைட்ரஜன். அது எரிக்காது, பத்துப் பதினைந்து பார் அழுத்தத்தில் ஊதியே தள்ள வேண்டும். கேஸ் செலவு ஏறும், ஓரம் பளிச்சென்று வரும்.

வெட்டிய துண்டைக் கையுறையோடு எடுத்து, ஓரத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார். மயிரிழை போன்ற கோடுகள் மேலிருந்து கீழே ஓடும். அவை ஏறக்குறைய நேராக இருந்தால் வேகம் சரி. அடிப்பக்கம் பின்னோக்கி வளைந்து, கெட்டியான பிசிறும் தொங்கினால் வெட்டும் தலை அவசரப்படுகிறது. தகட்டுக்கு அடியில் கொட்டும் பொறியும் இதையே சொல்லும்: நேராக விழுந்தால் நல்லது, பின்னால் சாய்ந்தால் வேகத்தைக் குறை, மேல்நோக்கிச் சிதறினால் கதிர் துளைக்கவே இல்லை, உடனே நிறுத்து. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறை வெடிப்பின் பயத்தோடு உழைத்தவர்களின் ஊர் இது. தலைக்கு மேலிருக்கும் பாறையைத் தட்டி, ஓசையைக் கேட்ட பிறகு கை வைப்பது சுரங்கத் தொழிலின் பாலபாடம். உனக்கு அந்த ஓசை, பொறியும் கோடும்.

பொறியைப் பார்ப்பது மெஷினின் பாதுகாப்புக் கண்ணாடி வழியாக மட்டும்தான். பழைய கார்பன்-டை-ஆக்சைடு கதிரின் அலைநீளம் 10.6 மைக்ரான், அது கண்ணின் மேல்பரப்பைச் சுடும். இப்போதைய ஃபைபர் லேசர் சுமார் 1.07 மைக்ரான்; கண்ணுக்குத் தெரியாமலே உள்ளே புகுந்து விழித்திரையை எரிக்கும். சாதாரண அக்ரிலிக் தடுப்பு இதை நிறுத்தாது. கதவு சென்சாரை ஏமாற்றி, திறந்து வைத்து ஓட்டு என்று யார் சொன்னாலும் மறுத்துவிடு, வேலையே போனாலும்.

என்றாவது பவுடர் கோட்டிங் முடிந்த ஜாப், ஓரத்தில் மட்டும் பெயின்ட் உரிந்து திரும்பி வரும். பெயின்ட் கடையைத் திட்டுவதற்கு முன் அந்த ஓரத்தை நகத்தால் சுரண்டு. பெயின்டோடு கறுப்பாக ஒரு படலமும் சேர்ந்து வந்தால் அது ஆக்சிஜன் விட்டுச்சென்ற ஆக்சைடு. அடுத்த லாட்டுக்கு ஓரத்தைத் தேய்த்து அனுப்பு, அல்லது நைட்ரஜனில் வெட்டலாமா என்று சூப்பர்வைசரிடம் கேள்.