நாளையா, நேற்றா?

ருவாண்டாவில் கம்பெனி பதிவு செய்ய எனக்கு ஒரு பகல்தான் ஆனது. 2022 ஜூனில் ஒரு நாள் காலை இணையத்தில் விண்ணப்பித்தேன். சாயங்கால டீக்கு முன்பே சான்றிதழ் வந்துவிட்டது. கட்டணம் இல்லை, வரி எண்ணும் கூடவே வந்தது. லஞ்சம் என்று யாரும் ஜாடைகூடக் காட்டவில்லை. இவ்வளவு சுலபமா என்று மயங்கியதுதான் என் முதல் தப்பு. முதல் பையை விற்க அடுத்த வருஷம் ஏப்ரல் ஆகிவிட்டது.

விற்க வந்தது காகிதப் பை. 2008லேயே பாலிதீன் பையைத் தடை செய்த நாடு இது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கும் 2019இல் தடை வந்தது. சிவகாசியில் பதினைந்து வருஷம் அச்சோடும் அட்டைப்பெட்டியோடும் கிடந்தவனுக்கு இதைவிடத் தோதான ஊர் எங்கே கிடைக்கும்?

தலைநகர் கிகாலிக்குக் கடல் கிடையாது. பள்ளிக்கூடத்து வரைபடத்திலேயே தெரியும் விஷயம்தான், செலவுக் கணக்கு எழுதும்போதுதான் உறைத்தது. தூத்துக்குடியில் ஏற்றிய பை செய்யும் மெஷின் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் லாரியில், ருசுமோ எல்லையைத் தாண்டி வரவேண்டும். என் இன்வாய்ஸில் ஒரு எடை, பேக்கிங் லிஸ்டில் வேறொரு எடை. கன்டெய்னர் துறைமுகத்திலேயே உட்கார்ந்துகொண்டது. டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் நாள்தோறும் ஏற, கிளியரிங் ஏஜென்ட் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அவரைச் சொல்லி என்ன, இரண்டு தாளிலும் இருந்தது என் கையெழுத்து. இப்போதெல்லாம் கப்பலேறும் முன்பே எல்லாத் தாள்களையும் ஏஜென்டுக்கு அனுப்பி, அவர் சரி என்று எழுதித் தந்த பிறகுதான் சரக்கு கிளம்பும்.

காகித ரீல் வந்தபோது இன்னொரு அடி. வரி பாக்கியில்லை என்ற சான்று புதுக் கம்பெனியிடம் எப்படி இருக்கும்? அது இல்லாதவர் இறக்குமதி செய்தால், சரக்கு மதிப்பில் 5 சதவீதத்தை வருமான வரிக்கு முன்பணமாகப் பிடித்துக்கொள்வார்கள். 18 சதவீத வாட் தனி. பின்னால் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அன்றைக்குப் பணம் கையில் இருக்கவேண்டுமே. மெஷினுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ, அதே அளவு சும்மா காத்திருக்கவும் ஒதுக்குங்கள். உள்ளூர் வங்கியில் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்கவேண்டாம், வட்டி 16 சதவீத வாக்கில் இருக்கும்.

ஏப்ரலில் ஒரு வழியாக உற்பத்தி தொடங்கியது. முதல் ஆர்டர் கிமிரோன்கோ சந்தைப் பக்கம் பேக்கரி வைத்திருக்கும் ஒரு அம்மாவுடையது. பையை மேஜைமேல் நிமிர்த்தி, ஒரு ரொட்டியை உள்ளே போட்டுத் தூக்கினார். பை மேலே போனது, ரொட்டி மேஜையிலேயே இருந்தது. அவர் திட்டவில்லை. அடிமடிப்பை விரலால் தடவிப் பார்த்து, "ஈரம்" என்றார். சிவகாசியின் வறண்ட காற்றில் பத்து நிமிஷத்தில் காயும் பசை, இங்கே மார்ச் முதல் மே வரையிலான மழையில் மறுநாளும் பிசுபிசுத்தது. மெஷினைக் கொண்டுவந்தவன் ஊர்க் காற்றையும் கொண்டுவந்ததாக நினைத்துக்கொண்டேன் போல. பசையில் தண்ணீரைக் குறைத்தோம். ரீல்களைத் தரையிலிருந்து பலகைமேல் ஏற்றினோம். கட்டுகளை ஒரு ராத்திரி பாரம் வைத்து அழுத்திய பிறகே வெளியே அனுப்பினோம்.

வசூல் தனிக் கதை. இங்கே ஈபிஎம் என்ற முறையில்தான் பில் போடவேண்டும். போட்டவுடன் வரி அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் வாட் கட்டியாகவேண்டும். வாங்கியவர் எனக்குக் காசு தந்தாரா என்பது அவர்கள் கவலையில்லை. பணம் எப்போது என்று ஒரு ஓட்டலில் கேட்டால், "எஜோ" என்பார்கள். எஜோ என்றால் நாளை என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். மூன்று வாரம் நான் அலைந்ததைப் பார்த்த மெஷின் ஆபரேட்டர் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "பாஸ், கின்யார்வாண்டாவில் நேற்றுக்கும் அதே சொல்தான்."

வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவந்த அறுபது நாள் கடனை அன்றோடு நிறுத்தினேன். ஆர்டர் தரும்போதே பாதிப் பணம் மொபைலில் வந்துவிட வேண்டும். விலையும் முப்பது நாளுக்குத்தான் செல்லும். ரீல் வாங்குவது டாலரில், பை விற்பது பிராங்கில். நான் வந்தபோது டாலருக்கு ஆயிரத்துச் சொச்சம் பிராங்க். 2024இல் அது 1,300ஐத் தாண்டிவிட்டது.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை கடைகள் திறக்காது. உமுகாண்டா என்று ஊரே சேர்ந்து சாக்கடை தோண்டும், மரம் நடும். முதல் சில மாதம் நல்ல தூக்கம் போட்டேன். பிறகு மண்வெட்டியோடு போக ஆரம்பித்தேன். எந்தக் குடோன் கட்டடம் கூடாத சதுப்பு நிலத்தில் இருக்கிறது, எதை என்றைக்கு இடிப்பார்கள் என்பதெல்லாம் அங்கே கிடைத்த தகவல். தரகர் யாரும் இதைச் சொல்லவில்லை.

பேக்கரி அம்மா இப்போதும் என்னிடம்தான் வாங்குகிறார். ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்து ஒரு பையை உருவி, ரொட்டியைப் போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்து மீதிப் பணத்தை அனுப்புவார்.