மூன்றெழுத்து இணையப் பெயரின் மறுவிற்பனை மதிப்பைக் கணிப்பது எப்படி?

கொல்கத்தாவின் ரஸ்ஸல் தெருவில் 1940 முதல் 'தி ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச்' என்னும் ஏலக் கூடம் நடைபெற்று வருகிறது. பழைய மேசைகளும் சரவிளக்குகளும் அங்கே ஏலத்திற்கு வருகின்றன. பொருளுக்குரியவர் மனத்தில் எந்தத் தொகை இருந்தாலும், சுத்தியல் விழும்போது எழும் தொகையே அதன் விலை. டொமைன் எனப்படும் இணையப் பெயரை வாங்கி விற்க நினைப்பவர்களும் முதலில் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு.

இந்தியாவுக்குரிய நாட்டுக் குறியீடு 'டாட் இன்'. இது 1989ஆம் ஆண்டிலேயே நமக்கு ஒதுக்கப்பட்டது எனினும், 2005இல்தான் பொதுமக்கள் தடையின்றிப் பதிவு செய்ய வழி பிறந்தது. 'நிக்ஸி' எனப்படும் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம் இதனை நிர்வகிக்கிறது. முந்தியவருக்கே பெயர் என்பது விதி. ஆகவே குறுகிய பெயர்கள் விரைவில் தீர்ந்துபோவது இயல்பு. ஆங்கில எழுத்துகள் 26. அவற்றால் அமையும் ஈரெழுத்துப் பெயர்கள் 676, மூவெழுத்துப் பெயர்கள் 17,576, நான்கெழுத்துப் பெயர்கள் 4,56,976. ஓர் எழுத்துக் கூடினாலே எண்ணிக்கை 26 மடங்காகிறது. குறுகிய பெயருக்குக் கிராக்கி ஏற்படுவதன் அடிப்படை இதுவே.

ஆனால் அருமை மட்டும் விலையாகிவிடாது. அந்த 17,576 பெயர்களிலும் பெரும்பாலானவை எவருக்கும் எதையும் நினைவூட்டாத எழுத்துக் கோவைகள். ஒரு பெயர் யாருக்குத் தேவைப்படும் என்பதே மதிப்பீட்டின் முதற்கேள்வி. இதற்குக் கொல்கத்தாவே நல்ல எடுத்துக்காட்டு. 2001 சனவரி முதல் நாளன்று 'கல்கத்தா' என்னும் ஆங்கில வடிவம் 'கொல்கத்தா' ஆயிற்று. ஆயினும் உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் பழைய பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆகவே நகரின் பெயரைச் சுருக்க விரும்பும் வணிகர் ஒருவர் 'கே'யில் தொடங்குவதா, 'சி'யில் தொடங்குவதா எனத் தயங்குவார். தேவை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. விமான நிலையத்தின் குறியீடோ இந்த மாற்றத்தால் தீண்டப்படாமல் இன்றும் 'சி-சி-யூ' என்றே நிற்கிறது. சென்னை 'எம்-ஏ-ஏ'வாகவும் மும்பை 'பி-ஓ-எம்' ஆகவும் தொடர்வதைப் போன்றதே இதுவும். பயணச் சீட்டிலும் பெட்டியில் ஒட்டும் தாளிலும் நாள்தோறும் அச்சாகும் எழுத்துகளுக்கு, பொருளற்ற மூன்றெழுத்தை விடக் கூடுதல் விலை கிடைக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது, செவிச் சோதனை. பெயரைத் தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் மறுமுனையில் இருப்பவர் பிழையின்றி எழுதிக்கொள்கிறாரா? வங்காளிகளின் நாவில் ஆங்கில 'வி' பெரும்பாலும் 'பி'யின் பக்கம் சாயும். 'ஜே'யும் 'இசட்'டும் ஒலியில் நெருங்கிவிடும். தமிழர் நாமும் 'பம்பாய்க்குரிய பி' என்று விளக்கிச் சொல்பவர்கள்தாமே! விளக்கம் தேவைப்படும் எழுத்துகள் விலையைக் குறைக்கின்றன. எண்கள் கலந்த பெயரும் அவ்வாறே.

இனி, கணக்கு. பின்வரும் தொகைகள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒரு பெயரை ஒத்த பிற பெயர்கள் உண்மையில் கைமாறிய விலைகளைத் திரட்டுகிறோம். ஒரே குறியீடு, ஒரே நீளம், அண்மைக் காலம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். அவற்றின் நடுத்தர விலை ரூ.40,000 என்க. எந்த ஓர் ஆண்டிலும் அது விற்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து எனில், ஆண்டு எதிர்பார்ப்பு ரூ.2,000. புதுப்பிப்புக் கட்டணம் ரூ.800 போக மிஞ்சுவது ரூ.1,200. வைப்பு நிதியில் நூற்றுக்கு ஆறு வட்டி கிடைக்குமாயின், அந்த ஆறுடன் விற்பனை வாய்ப்பு ஐந்தையும் கூட்டி, நூற்றுக்குப் பதினொன்றால் ரூ.1,200ஐ வகுக்க வேண்டும். விற்ற பின் பெயர் நம் கையில் இராது. அதனால்தான் வாய்ப்பையும் வகுக்கும் எண்ணில் சேர்க்கிறோம். விடை ஏறத்தாழ ரூ.10,900. ரூ.40,000க்கு விற்கக்கூடிய பெயரை இன்று வாங்கத் தகுந்த உச்ச விலை இவ்வளவே. வாய்ப்பு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தால் எதிர்பார்ப்பும் கட்டணமும் சரிசமமாகி மதிப்பு சுழியமாகிவிடும். விலையைப் பற்றிப் பேசுவோர் பலர். இந்த வாய்ப்பு விகிதத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். தானியங்கி மதிப்பீட்டுக் கருவிகள் காட்டும் பெரிய தொகையும் இதைச் சொல்வதில்லை.

அயல்நாட்டுக் குறியீடுகளைக் கண்டு மயங்குவோரும் உண்டு. கரீபியத் தீவான அங்குவிலாவின் குறியீடு 'ஏ-ஐ' என்பதால், செயற்கை நுண்ணறிவு அலையில் 2023இல் அத்தீவுக்குச் சுமார் 3.2 கோடி டாலர் வருவாய் வந்தது. அந்த வருவாய் பதிவு செய்யும் நாட்டுக்கு உரியது. பெயர் வாங்கியவர் எல்லோரும் ஆதாயம் அடைந்தனர் என்பது அதன் பொருளன்று. மேலும், குறியீடு அந்நாட்டின் விதிகளுக்கு உட்பட்டது. லிபியாவின் 'எல்-ஒய்' குறியீட்டில் இருந்த ஈரெழுத்துப் பெயர் ஒன்று 2010இல் அந்நாட்டுப் பதிவகத்தால் பறிக்கப்பட்டது. யூகோஸ்லாவியாவின் குறியீடோ நாட்டைப் பின்தொடர்ந்து தானும் மறைந்தது.

உரிமைச் சிக்கலும் மதிப்பைக் குலைக்கும். இணையப் பெயருக்கு வணிகச் சின்னத்திற்கு இணையான பாதுகாப்பு உண்டு என்பதை, சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 'டாட் இன்' பெயர்களுக்குத் தனித் தகராறுத் தீர்வு விதியும் உள்ளது. பிறர் சின்னத்தை ஒத்த பெயரை, அவரிடமே விற்கும் தீய நோக்குடன் பதிந்திருந்தால் நடுவர் அதனை மாற்றித்தரலாம். புகழ்பெற்ற நிறுவனத்தின் முதலெழுத்துகளை எண்ணி வாங்கிய பெயர் ஒரு நாள் விலையின்றிப் போகக்கூடும். வங்கிப் பெயர்களைச் சாயலாகக் கொண்டவை அறவே வேண்டா. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி வங்கிகள் 2025இல் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறின. அதனை வங்கிகள் மட்டுமே பெற முடியும்.

பெயர் வைத்திருப்போரைத் தேடி ஏமாற்றுக்காரர்களும் வருகின்றனர். பெருந்தொகை தருவதாக ஒருவர் கடிதம் எழுதுவார். விற்குமுன் குறிப்பிட்ட ஓரிடத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் பெறுமாறு கேட்பார். கட்டணம் செலுத்தியதும் அவர் மறைந்துவிடுவார். உண்மையான வாங்குபவர் தம் மதிப்பீட்டைத் தாமே செய்துகொள்வார்.

விலை முடிவானால், பணத்தை இடைநின்று காக்கும் நம்பகமான சேவையின் வழியே மட்டும் பெற வேண்டும். அச்சேவை தொகையைப் பெற்றுக்கொண்டதை உறுதி செய்த பின்னரே மாற்றுக் குறியெண்ணை வாங்குபவரிடம் கொடுக்கலாம். வாங்குபவரோ, பதிவேட்டில் தம் பெயர் ஏறியிருப்பதையும் பதிவு முடியும் நாளையும் பார்த்த பிறகே தொகையை விடுவிக்கச் சொல்ல வேண்டும். 'டாட் இன்' பெயரை ஒரே தவணையில் அதிக அளவாகப் பத்து ஆண்டுகளுக்குப் பதியலாம். புதுப்பிக்கும் நாளைத் தவறவிட்டால் உரிமையே போய்விடக்கூடும்.