இரண்டாம் தட்டும் தூங்கும் கணிப்பொறியும்

இடம் போதவில்லை என்று கணிப்பொறியில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் பொருத்துகிறோம். அரை நிமிடத்தில் விழித்த பொறி, இப்போது மூன்று நிமிடம் கறுப்புத் திரையையே காட்டுகிறது. உடனே வைரஸ் மீது பழி போடுகிறோம். பாவம், அது!

மின்பொத்தானை அழுத்தியதும் முதலில் எழுவது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் என்னும் சிறு நிரலே. ஆசிரியை வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் அது ஒவ்வொரு தட்டையும் அழைத்து, "உள்ளேன்" என்ற விடைக்குக் காத்திருக்கிறது. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு அவ்வேகத்தை எட்டச் சில விநாடிகள் ஆவது இயல்பே. நிமிடக் கணக்கில் நீண்டால்தான் ஐயம் கொள்ள வேண்டும்.

மின்னிணைப்பை அறவே துண்டித்துவிட்டு, புதுத் தட்டின் கேபிள்களைக் கழற்றி, மீண்டும் இயக்கிக் கடிகாரத்தைப் பார்ப்போம். பழைய வேகம் திரும்பினால், குற்றவாளி அத்தட்டோ அதன் கேபிளோதான். வேறு சாட்டா கேபிளும் வேறு துளையும் மாற்றிப் பார்க்கலாம். பழைய ஐடிஇ பொறிகளில் ஒரே பட்டைக் கேபிளில் இரு தட்டுகள் இருக்கும். இரண்டையும் 'மாஸ்டர்' என்றே வைத்துவிட்டால் பயாஸ் குழம்பிவிடும். இருவரும் வகுப்புத் தலைவியாக இருக்க முடியுமா? சாட்டாவில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள். அந்தச் சண்டை இல்லை.

கேபிள் மாற்றியும் தாமதித்தால் தட்டே நலிந்திருக்கலாம். அதில் தாத்தாவின் புகைப்படங்கள் இருந்தால், பார்மட் செய்யத் துணியாமல் முதலில் அவற்றை வேறிடத்தில் நகல் எடுக்க வேண்டும். 'டக், டக்' ஒலி கேட்டாலோ, மீண்டும் மீண்டும் இயக்காமல் அணைத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.