அயல்நாட்டு மருத்துவர்: பட்டமும் பதிவும்

மருத்துவப் பட்டம் பெறுவது வேறு. மருத்துவத் தொழில் நடத்த உரிமை பெறுவது வேறு. பட்டத்தைப் பல்கலைக் கழகம் வழங்குகிறது. உரிமையை அந்தந்த நாட்டின் சட்டப்படி அமைந்த பதிவு அமைப்பு வழங்குகிறது. ஒரு நாட்டில் பயின்றவர் மற்றொரு நாட்டில் பணிபுரிய முற்படும்போது இவ்வேறுபாடு தெளிவாகிறது. இந்திய மருத்துவர்கள் பிரிட்டனில் பதிவு பெற்று வந்த வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பட்டத்திற்கு ஏற்பு

பிரிட்டனில் 1858ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் பொது மருத்துவக் கவுன்சிலைத் தோற்றுவித்தது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் கடல் கடந்த நாடுகளின் பட்டங்களைப் பரஸ்பர அடிப்படையில் ஏற்க வழிசெய்தது. அம்முறையில் மதிப்பிடப்பட்டது தனி மருத்துவரின் திறன் அன்று. அவருக்குப் பட்டமளித்த நிறுவனத்தின் தரமே. ஆகவே ஒரு பட்டத்தின் ஏற்பு நீங்கினால், பின்னர் அப்பட்டம் பெறுவோர் அனைவருக்கும் வாயில் அடைபடும். மருத்துவக் கல்வியை ஆய்வு செய்வது குறித்து எழுந்த பிணக்கினால், 1930இல் இந்தியப் பட்டங்களுக்கு இந்நிலையே நேர்ந்தது. அச்சூழலில்தான் 1933ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் பிறந்தது. 1936இல் ஏற்பு மீண்டது.

தனி மனிதருக்குத் தேர்வு

1948இல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணி இந்திய மருத்துவர்களைப் பெரிதும் சார்ந்து வளர்ந்தது. ஆயினும் 1975இல் இந்தியப் பட்டங்களுக்கான ஏற்பு மீண்டும் விலக்கப்பட்டது. அயல்நாட்டு மருத்துவரின் தொழிலறிவையும் மொழியறிவையும் சோதிக்கும் தேர்வு அதே ஆண்டில் தொடங்கியது. இன்றைய ‘பிளாப்’ தேர்வு அதன் வழிவந்ததே.

இவ்வழியில் பதிவு பெறுவதற்கான முக்கியப் படிகள் பின்வருமாறு:

1. ஆங்கிலத் தேர்ச்சி. ‘ஐ.இ.எல்.டி.எஸ்.’ தேர்வாயின் மொத்தத்தில் 7.5உம், நான்கு பிரிவுகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 7உம் தேவை.

2. ‘பிளாப்’ முதற்பகுதி: மூன்று மணி நேரத்தில் 180 வினாக்கள். இதனை இந்தியாவிலேயே எழுதலாம்.

3. இரண்டாம் பகுதி: செய்முறைத் தேர்வு. இதற்கு மான்செஸ்டர் நகருக்குச் செல்லவேண்டும்.

4. பட்டத்தின் உண்மை சரிபார்க்கப்படுதல். பயிற்சி மருத்துவராகப் பணியாற்றியதற்கும் நன்னடத்தைக்கும் சான்றுகள்.

இவற்றை நிறைவு செய்தவர் பதிவும் தொழில் உரிமமும் பெறுகிறார். ஆனால் பதிவு என்பது வேலைக்கு உறுதி அன்று. பணியிடத்தைத் தனியே தேடிப் பெறவேண்டும்.

சுமை யாருடையது?

தரத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்திடமிருந்து தனி மனிதருக்கு மாறியதே இவ்வரலாற்றின் சாரம். கட்டணம், பயணம், காத்திருக்கும் காலம் ஆகிய செலவுகளை இப்போது மருத்துவரே ஏற்கிறார். அவர் அரசுக் கல்லூரியில் பயின்றவராயின், அவரை உருவாக்கிய செலவின் பெரும்பகுதியை இந்திய மக்கள் ஏற்கெனவே ஏற்றுள்ளனர். அச்செலவின் பயனோ பிரிட்டனைச் சேர்கிறது.

இத்தகைய தேர்வைப் பிரிட்டன் மட்டும் வைக்கவில்லை. வெளிநாடுகளில் பயின்று திரும்பும் இந்தியருள் பெரும்பாலோர்க்கு 2002 முதல் இந்தியாவும் ஒரு தகுதித் தேர்வை நடத்தி வருகிறது. அதில் 300 வினாக்களில் பாதிக்கேனும் சரியான விடையளித்தல் வேண்டும். நோயாளியின் பாதுகாப்பே இத்தேர்வுகளுக்கு நியாயம். எனினும் பதிவேட்டின் வாயிலில் நடத்தும் சோதனை, கல்லூரியில் அளிக்கவேண்டிய நல்ல பயிற்சிக்கு ஈடாகாது. தரம் உருவாகும் இடம் கல்லூரியே. பதிவு அமைப்பு அதனை உறுதிசெய்ய மட்டுமே இயலும்.