சமஷ்டி ஆட்சியில் அதிகாரப் பங்கீடு

மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கங்களும் ஆட்சியதிகாரத்தை அரசியலமைப்பின்படி பகிர்ந்து நடத்துவதே சமஷ்டி ஆட்சியாம். இப்பங்கீட்டை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அதிகார நிரல்களையே நோக்குவர். நிரல்கள் மட்டும் போதுமா என்பதை அவுஸ்திரேலியாவைக் கொண்டு நாம் ஆராய்வோம்.

1901 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் அரசியலமைப்பு, மத்திய பாராளுமன்றத்துக்குரிய விடயங்களை 51 ஆம் பிரிவில் நிரல்படுத்திற்று. கல்வி, காவல் முதலாய எஞ்சியவை மாநிலங்களிடமே நின்றன. ஏட்டளவில் நோக்கின் மாநிலங்களின் பங்கே பெரிதெனத் தோன்றும்.

ஆயினும் 1942 இல், போர்க்காலத்தில், மாநிலங்களும் அறவிட்டுவந்த வருமான வரியை மத்திய அரசாங்கம் தனதாக்கிற்று. அவ்வரியை விதியாத மாநிலத்துக்கே ஈட்டுப்பணம் தரப்படும் என்றது. நான்கு மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. உயர் நீதிமன்றம் அத்திட்டம் செல்லுமெனத் தீர்த்தது. அரசியலமைப்பில் ஓரெழுத்தும் மாறவில்லை. எனினும் போர் முடிந்த பின்னரும் எந்த மாநிலமும் அவ்வரியை மீண்டும் விதித்திலது. 96 ஆம் பிரிவின்படி மத்திய அரசாங்கம் நிபந்தனையுடன் நிதி வழங்கலாம். ஆதலின் மாநிலங்களுக்குரிய கல்வியிலும் அதன் செல்வாக்குப் புகுந்தது.

எனவே, எவ்வதிகாரம் யாரிடம் உளது என வினாவுவதோடு நாம் அமைதல் ஆகாது. அதனை நடத்தும் பொருள் யார் கையில் உளது எனவும் வினாவுதல் வேண்டும். பாடசாலை நடத்துங் கடமை ஒருவரிடமும் பணப்பெட்டியின் திறவுகோல் மற்றொருவரிடமும் இருப்பின், பங்கீடு ஏட்டளவில் நின்றுவிடும்.